ஆற்றைக் கடவாத இடக்கால்

நாளை மாலை ஆட்டம். இன்று காலை முதல் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. நாளிதழை இருமுறை விரித்தேன். ஒரு செய்தியும் மனத்தில் ஏறவில்லை. எழுபதைக் கடந்த ஒருவனுக்கு இது பெருமை தரும் நிலை அன்று என்பதை அறிவேன். ஆயினும் உண்மை இதுவே.

யாங்கோனில் உள்ள எங்கள் கல்லூரிக்கும் பாகோ ஆற்றுக்கு அப்பால் தன்லியினில் உள்ள கல்லூரிக்கும் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் காற்பந்து ஆட்டம் அது. நாங்கள் இக்கரையார்; அவர்கள் அக்கரையார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது எங்கள் திறத்தில் பழமொழி மட்டும் அன்று, அவர்களுடைய சட்டையே பச்சை. எங்களுடையது சிவப்பு. நான் இக்கரைக் கல்லூரியில் பயின்று அங்கேயே வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவியின் தம்பி அக்கரைக் கல்லூரியின் பழைய மாணவர். தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்ந்தவர். இவ்வாட்டத்தை நடத்தும் பழைய மாணவர் குழுவில் அக்கரைக்கு அவரே தலைவர்.

ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிறன்று, தேவாலய வழிபாடு முடிந்தபின், தாமுவேயில் ஒரு தேநீர்க் கடையில் இரு கரைப் பழைய மாணவரும் கூடுவது வழக்கம். கரைக்கு ஒருவர் எழுந்து நின்று முடிவை முன்னுரைக்க வேண்டும். வெறும் எண்ணைச் சொல்லி அமர்ந்துவிட இயலாது; காரணம் கூறியாக வேண்டும். சொன்னதை எதிர்த்தரப்பின் இசைவின்றி மாற்றலாகாது. தோற்ற கரைக்காக முன்னுரைத்தவர் மறுநாள் வழிபாட்டுக்கு வென்றவர் நிறச் சட்டையில் வரவேண்டும். சென்ற ஆண்டு நான் பச்சைச் சட்டையுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். புல்லின் பசுமையைப் பற்றிப் பேசியபோது போதகர் என்னையே நோக்கினார் என்பது என் ஐயம்.

இவ்வாண்டு களம் அக்கரையில். எனவே மைத்துனர் மிகுந்த செருக்குடன் எழுந்தார்.

"மூணுக்கு ஒண்ணு. எங்க நடுவாட்டக்காரங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. ஒருத்தன் திரும்பிப் பாக்காமலே அடுத்தவனுக்குப் பந்து போவும். உங்க ஆளுங்க கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிடும்."

நான் எழுந்து, இக்கரைக்கு இரண்டு, அக்கரைக்கு ஒன்று என்றேன். எங்கள் இலக்குக் காவலர் நெடியவர், உயரப் பந்துகளை விடமாட்டார் என்று தொடங்கியதும் மைத்துனர் குறுக்கிட்டார்.

"கோல்கீப்பருன்னு சொல்லுங்க அத்தான். காவலருன்னா இங்க எல்லாரும் எழுந்து ஓடிடுவாங்க."

கடை சிரித்து அடங்கியபின் என் காரணத்தைச் சொன்னேன். அக்கரையின் வலப்புறத் தடுப்பாளர் பந்துடன் முன்னே ஓடுவார். திரும்பி வரும் எண்ணம் அவருக்கு எளிதில் தோன்றாது. அவர் விட்டுச்சென்ற வெளியில் எங்கள் முன்னணி வீரரின் இடக்கால் புகும். பிற்பாதியில் ஆற்றுக்காற்று எங்கள் பின்னிருந்து வீசும். பயிற்சியில் அந்த இளைஞரைக் கண்ணாரக் கண்டு வந்திருந்தேன். சென்ற ஆண்டு முழங்கால் கட்டுடன் எல்லைக் கோட்டுக்கு வெளியே அமர்ந்திருந்தவர், இப்போது மான்போல் ஓடினார். அவருக்கு இது இறுதியாண்டு. இதுவே கடைசி வாய்ப்பு. அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூலொன்று இருந்தது. இந்நகரில் பாதி இளைஞர் கைகளில் பகோடாவில் புத்தத் துறவிகள் ஓதிக் கட்டிய நூல் உண்டு. அதையும் அவ்வாறே எண்ணி, நற்குறி என்றும் மகிழ்ந்தேன்.

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பிய மனைவி, கூடையைக் கீழே வைக்குமுன்னே கேட்டாள்.

"அந்தப் புள்ள கையில மஞ்சக் கயிறு இருந்துச்சே, பாத்தீங்களா?"

"பார்த்தேன். பகோடா நூல்."

"நல்லாப் பாத்தீங்க! அது காப்பு. தீ மிதிக்கப் போறான். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில கீரை விக்கிறாங்களே, அவங்கதான் அவன் அம்மா. காப்புக் கட்டுனா தீ மிதிக்கிற வரைக்கும் ஆறு தாண்டக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை தீமிதி. சனிக்கிழமை உங்க ஆட்டம் எந்தப் பக்கம்?"

மூன்று தலைமுறையாகத் தேவாலயம் செல்லும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். துறவியர் நூலை அறிந்த எனக்கு, என் இனத்தார் கட்டும் காப்பு விளங்காமல் போயிற்று.

அன்று மாலையே அந்த இளைஞரின் வீட்டுக்குச் சென்றேன். தொடர்வண்டிப் பாதையை ஒட்டிய குறுகிய தெரு. வண்டி கடக்கும்தோறும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. இளைஞர் எழுந்து நின்றார்.

"போன வருஷம் வெளிய உக்காந்து பாத்தேன் சயா. இந்த வருஷம் உக்காந்து பாக்கக்கூட முடியாது. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

ஆசிரியரைச் 'சயா' என்பது இவ்வூர் வழக்கு. அச்சொல்லைக் கேட்டபின் வெறுங்கையுடன் திரும்புவது எளிதன்று. தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முட்டி நல்லாகணும்னு வேண்டிக்கிட்டது நான். நல்லாயிடுச்சு. இப்ப கயித்த அவுத்துட்டுப் போடான்னு சொல்ல வாய் வரல. போவாதடான்னும் வரல."

"இக்கரையிலேயே ஆட்டம் நடந்தால்?"

"தாராளமா ஆடட்டும். ஞாயித்துக்கிழமை தீய மிதிக்கிற காலு, சனிக்கிழமை பந்த மிதிச்சா அம்மன் கோவிச்சுக்குவாளா?" என்றவர், சற்று எண்ணிப் பார்த்து, "தோலு மட்டும் கால்ல படக் கூடாது. ரப்பரு பூட்சுன்னா பரவால்ல" என்றார்.

செவ்வாயன்று பேருந்தில் பாலத்தைக் கடந்தேன். பகைவரிடம் களத்தையே கேட்கச் செல்லும் தூதனுக்கு அந்தப் பாலம் மிக நீளமானது. மைத்துனர் மாசி வெயிலில் குடை பிடித்தபடி, எல்லைக்கோடுகளுக்குச் சுண்ணம் இடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தைச் சுற்றிப் பச்சைக் கொடிகள். அவர் முகமெல்லாம் மலர்ச்சி. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"களத்தையே தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா அத்தான்? கோடு இன்னும் காயக்கூட இல்ல."

"கேட்பது முறையன்று என்பதை அறிவேன் மச்சான்."

"முறையில்லைன்னு தெரிஞ்சே கேக்குறீங்க. அது சரி." குடையை மடக்கினார். "போன வருஷம் ஜெயிச்சோம். ஜெயிச்சு என்ன? 'அந்தப் பையன் இருந்திருந்தா, அந்தப் பையன் இருந்திருந்தா'ன்னு என் காதுல ஓதுனீங்க. கிறிஸ்துமஸ் விருந்துல கேக்குத் துண்ட வாயில வைக்க விட்டீங்களா? இந்த வருஷமும் அவன் இல்லாம ஜெயிச்சா நான் அக்கா வீட்டுக்கே வர முடியாது."

"ஆகவே?"

"ஆகவே அவன் ஆடணும். அவனையும் வச்சு உங்கள அடிக்கணும். இந்த வருஷம் உங்க மைதானம். அடுத்த ரெண்டு வருஷமும் இங்க. இன்னொண்ணு, நீங்க சொன்ன ரெண்டுக்கு ஒண்ண மாத்தக் கூடாது."

"காற்றை நம்பிச் சொன்னேனே! எங்கள் மைதானத்தில் ஆற்றுக்காற்று ஏது?"

"அது உங்க பாடு" என்றார், பச்சைக் கொடியொன்றைச் சுருட்டிக் கொண்டே. குழுவினர் அனைவரிடமும் அன்று மாலையே கைப்பேசியில் பேசி இசைவு பெற்றுவிட்டார்.

ஆகவே என் எண் நிற்கிறது. காரணங்களைத்தாம் புதிதாகத் தேட வேண்டியதாயிற்று. நான்கு நாள்களாக அதுவே வேலை. எங்கள் மைதானம் சிறியது, வடமூலை மேடு. உடன்பிறந்தார் இருவரும் தரையோடு தரையாகத் தள்ளும் பந்து அங்கே திசை மாறும். முற்பாதியில் அவர்கள் ஒன்று போடுவர், அதைத் தடுக்க வழியில்லை. களைப்படைந்த தடுப்பாளர் முன்னே சென்று திரும்பாத வேளையில் இடக்கால் இருமுறை பேசும். இரண்டுக்கு ஒன்று. இப்போது காற்றின் துணையின்றியே இதனை நம்புகிறேன்.

இன்று பிற்பகல் பயிற்சியைக் காணச் சென்றேன். தாயாரும் வந்திருந்தார், காற்பந்தை அவர் பார்ப்பது இதுவே முதன்முறை. வேலியோரம் என் அருகில் நின்றார். புதிய ரப்பர் காலணியும் மஞ்சள் காப்புமாக அவர் மகன் இடப்புறமிருந்து உள்ளே வெட்டி வந்து ஓங்கி உதைத்தார். பந்து இலக்குக் கம்பத்தில் மோதிய ஓசை தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"கம்பத்துல பட்டா கணக்கு உண்டா சயா?"

"இல்லை அம்மா."

அவர் அந்தக் கம்பத்தை ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

"அப்ப நாளைக்குப் படாது."

வழக்கப்படி நான் காரணம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீடு திரும்பியதும், மைத்துனருக்கு அளவாக ஒரு சிவப்புச் சட்டையை எடுத்துத் தேய்த்து வைக்குமாறு மனைவியிடம் கூறினேன்.