கொப்புளம் இல்லாத கால்

சோழபுரம் சிவனாண்டி லாரி டிரைவர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றினால் நாகபுரியில் இறக்கிவிட்டுத் திரும்பப் பதினைந்து நாளாகும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. மனைவி வெள்ளத்தாய் மேல் உயிரையே வைத்திருந்தான். அப்படிப்பட்டவன்தான் தொண்ணூற்று நாலு மாசியில், திரும்பும் லோடு கிடைக்காமல் நாகபுரியிலேயே சும்மா கிடந்த ஒருநாள், ரோட்டோரத்து வீடு ஒன்றுக்குள் போய்விட்டு வந்தான். உறையும் இல்லை, ஒன்றும் இல்லை. புத்தி கெட்டால் கெட்டதுதான், அதற்கு என்ன சமாதானம் சொல்வது?

வரும் வழியெல்லாம் பயம் பிடுங்கித் தின்றது. எய்ட்ஸ் என்ற பேச்சு அப்போதுதான் டிரைவர்களிடம் பரவிக்கொண்டிருந்தது. நோய் இல்லை என்று தெரிந்தால் பங்குனியில் பூக்குழி இறங்குவதாக ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நேர்ந்துகொண்டான். வீட்டுக்குக்கூடப் போகாமல் ராஜபாளையத்தில் ஒரு லேப்புக்குள் நுழைந்தான்.

அங்கே ரத்தம் எடுக்கும் தனுஷ்கோடி, "எம்புட்டு நாளாச்சு?" என்றார்.

"பத்து நாள்ண்ணே."

சோதனைக்கு மதுரை போன ரத்தத்துக்கு, நோய் இல்லை என்று பதில் வந்தது. சிவனாண்டி அங்கேயே அழுதுவிட்டான்.

"செத்த பொறுங்க" என்றார் தனுஷ்கோடி. "இப்ப இல்லன்னு வந்தா இல்லன்னு ஆயிராது. கிருமி ஏறியிருந்தாலும் ரத்தத்துல காட்ட நாளாகும். மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் வீட்டுல நிரோத் இல்லாமப் போகாதீய."

"சரிண்ணே, வாரேன்." அப்போது வருவதாகத்தான் இருந்தான்.

பங்குனியில் காப்புக் கட்டி, மஞ்சள் உடுத்தி, விரத நாளெல்லாம் வெள்ளத்தாயை விட்டுத் தள்ளியே படுத்தான். கங்குமேல் நடந்து கரையேறி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தான். ஒரு கொப்புளம் இல்லை. அழுக்கு உள்ளவன் காலைத்தான் நெருப்பு சுடும் என்பது அவன் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. ஆத்தாளே சோதித்து அனுப்பிவிட்டாள், இனி ஊசி எதற்கு? மறுபடி போய்ப் பார்த்தால் அவளையே சந்தேகப்பட்டதாகாதா? இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டான் பாவி. விரதம் அன்றோடு முடிந்தது. தள்ளிப் படுத்ததும் அன்றோடு முடிந்தது.

ஆனியில் பஸ் ஸ்டாண்டில் தனுஷ்கோடி எதிர்ப்பட்டார். "ஏன் வரல? நாள் தாண்டிருச்சே."

"அதெல்லாம் சரியாப்போச்சுண்ணே. வீட்டுல முழுகாம இருக்கா" என்று வெட்கத்தோடு சிரித்தான்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏலே, நாளைக்கே ரெண்டு பேரும் வாங்கலே" என்று கையைப் பிடித்தார். அவன் கையை உருவிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

தையில் பெண் பிள்ளை பிறந்தது. நாச்சியார் என்று பேர் வைத்தார்கள். அடுத்த கார்த்திகையில் அவனுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி போட்டது. செங்காவி குழைத்து எழுதிப் பார்த்தும் ஆறவில்லை. காய்ச்சலும் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். இருவருக்கும் இருந்தது.

அந்த அறையில்தான் சிவனாண்டி எல்லாவற்றையும் சொன்னான். நாகபுரியை, தனுஷ்கோடி சொன்னதை, பூக்குழியை. வெள்ளத்தாய் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பாப்பாவுக்கும் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டரம்மாவிடம்.

"இப்பப் பாத்தா தெளிவாத் தெரியாதும்மா. உன் ரத்தத்துல இருக்கிறதே அவகிட்டயும் காட்டும். ஒன்றரை வயசு தாண்டட்டும்."

பிள்ளைக்குப் பத்து மாசம். இன்னும் எட்டு மாசம் இருக்கிறது.

"தாய்ப்பால்ல போகுமாம்மா?"

"போகும்" என்றார் டாக்டரம்மா.

"காலையிலகூடக் குடுத்தேனே."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் பிள்ளை பசித்து மாரை முட்டியது. வெள்ளத்தாயின் கை பழக்கத்தில் ரவிக்கை ஊக்குக்குப் போய், அப்படியே நின்றது. பிள்ளை வீறிட்டது. அதைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"நெருப்புல நடந்தீயளே, அதுக்குத் துணிஞ்ச மனுசன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? மூணு மாசம்னா மூணு மாசம், நான் எங்க ஆத்தா வீட்டுல போயி இருந்திருக்க மாட்டனா?"

பிள்ளை அவன் சட்டையில் வாயை வைத்துத் தேடிக்கொண்டிருந்தது.