அரை சென்டி ஷார்ட்டு

எங்கள் வீட்டில் அத்தையைக் குள்ளம் என்று சொல்லக் கூடாது. குட்டை, கட்டை, பொடிசு எல்லாவற்றுக்கும் தடை. சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் ஷார்ட்டு. ஏனோ அதை இங்கிலீஷில் சொன்னால் அவ்வளவாக வலிப்பதில்லை. மண்ணூர்பேட்டையில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. ஏற்றிய லோடில் ஒரு பெட்டி குறைந்தாலும் ஷார்ட்டு, மழையில் மீட்டர் பெட்டி புகைந்தாலும் ஷார்ட்டு. மூன்றாம் வகுப்பில் மிஸ், குள்ளம் என்பதற்கு அதே பொருள் தரும் ஐந்து சொற்களை எழுதி வரச் சொன்னபோது அத்தைதான் நான்கு சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாவதாக என் பேரை எழுதிக்கோ என்றாள். நான் எழுதிக்கொண்டு போய்த் திட்டு வாங்கினேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நின்றபடியே போல்ட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. அவளுக்குப் போலீஸாக வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஓட்டத்தில் எங்கள் தெருப் பையன்களே அவளிடம் தோற்றார்கள். உயரம்தான் பயம். அப்பா அவளைக் கதவு நிலையில் நிறுத்தி, டேப் பிடித்து, பென்சிலால் கோடு போடுவார். மாலையில் போட்டால் போலீஸில் கேட்ட உயரத்துக்கு அரை சென்டி குறைந்தது. ஒரு நாள் தூங்கி எழுந்ததும் அளந்தார்; சரியாக இருந்தது. ராத்திரி படுத்தால் உடம்பு நீளும், நிற்க நிற்க இறங்கும் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே யோசனை.

அந்த யோசனை இதுதான். அப்பா ஓட்டிக்கொண்டிருந்தது குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லோடு வண்டி. அதன் பின்னால் மெத்தையைப் போட்டு, அத்தையைப் படுக்க வைத்தே, உயரம் அளக்கும் ஆவடி மைதானம் வரை கொண்டுபோவது. வாசலில்தான் அவள் கால் தரையில் படும்.

அம்மா, ரயிலில் போனால் கால் மணி நேரம்தானே என்றாள். கூட்டத்தில் நின்றுகொண்டு போனால் உயரம் என்னத்துக்கு ஆகும் என்று அப்பா கேட்டார்.

"பொணத்த ஏத்திகினு போற மாதிரி கீது" என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் அத்தையின் தலைமுடியை வாரி, இறுக்கிக் கொண்டை போட்டு, வலை மாட்டி, நாலு பக்கமும் ஊசி குத்தி அனுப்பினாள். அத்தை எழுந்து உட்காராமல் பார்த்துக்கொள்ள என்னையும் பின்னால் ஏற்றினார்கள்.

ஏழு மணிக்கு மைதானத்தின் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐந்தரைக்கே கிளம்பினோம். அம்பத்தூர் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திருமுல்லைவாயலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. பிறகு நகரவே இல்லை. நீளமான டிரெய்லர் ஒன்று திரும்பப் போய்ச் சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டுவிட்டது என்றார்கள். முன்னாலும் பின்னாலும் பஸ்கள், லாரிகள், கம்பெனி வேன்கள். திரும்பிப் போகவும் வழியில்லை.

அத்தை தார்ப்பாயைப் பார்த்துப் படுத்திருந்தாள். மணி என்ன என்று கேட்டாள். அப்பாவின் போனைப் பார்த்து ஆறு பத்து என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டாள். ஆறு இருபத்தைந்து. அடுத்த முறை அவள் கேட்கவில்லை. வயிற்றின் மேல் வைத்திருந்த ஃபைலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். அது மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. நானாகவே, ஆறு முப்பத்தைந்து அத்தை என்றேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். எனக்குக் கொடுத்த வேலை ஞாபகம் வந்து அவள் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். முன்னால் பார்த்துவரப் போயிருந்த அப்பாவும் அதைக் கண்டு ஓடிவந்தார்.

"படும்மா. தோ கிளியர் பண்ணிகினு கீறாங்க. அஞ்சே நிமிசம்."

"படுத்துகினே இருந்தா உயரமாத்தாண்ணா இருப்பேன்" என்றாள் அத்தை. "கேட்டுக்கு வெளிய."

அப்பா பதில் சொல்வதற்குள் குதித்துவிட்டாள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா வண்டியை விட்டு நகர முடியாமல் அங்கேயே நின்றார். ஓடினால் இன்னும் இறங்கிவிடுமே என்று அவர் தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது.

வழி கிடைத்து நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. பெரிய கதவு சாத்தியிருந்தது. வெளியே பெற்றவர்களும் அண்ணன்களும்தான் நின்றார்கள்; அத்தை இல்லை. "உங்க அத்த உள்ள பூட்டா" என்று அப்பா என் தலையைத் தடவினார்.

அங்கே நின்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து ஒன்று தெரிந்தது. உயரம் சரியில்லாதவர்களைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். சரியாக இருப்பவர்கள் ஓட்டத்துக்கு உள்ளேயே இருப்பார்கள். எனவே பக்கத்திலிருந்த சின்னக் கதவு திறக்கும்போதெல்லாம் அப்பா கீழே குனிந்துகொண்டார். நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டு வந்து, அம்மாவைப் பார்த்ததும் அழுதாள். எல்லோருக்கும் கூந்தல் அவிழ்ந்து முதுகில் கிடந்தது. எல்லோர் கையிலும் நீல மையில் ஒரு எண். அத்தை இல்லை நைனா, அத்தை இல்லை நைனா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பது மணி ஆனதும் அப்பா நிமிர்ந்து நின்று, பக்கத்தில் இருந்தவரிடம் தன் தங்கை ஓடுகிற ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சற்று நேரத்தில் நாலைந்து பெண்கள் சேர்ந்தாற்போல் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்தின் பக்கமிருந்து அத்தை நடந்து வந்தாள்.

"ஷார்ட்டுண்ணா" என்றாள்.

அப்பா எவ்வளவு என்று கேட்டார்.

"அரை சென்டி."

நீ ஓடியிருக்காவிட்டால் சரியாக இருந்திருக்கும் என்றார் அப்பா. ஆமாண்ணா, சரியா இருந்திருக்கும் என்று அத்தை ஒப்புக்கொண்டாள். வண்டியில் ஏறும்போது அவள் கையைத் திருப்பிப் பார்த்து, உனக்கு மட்டும் ஏன் நம்பர் போடவில்லை என்று கேட்டேன். வேர்வையில் அழிந்துவிட்டது என்றாள். தலையில் வலையும் ஊசிகளும் காலையில் அம்மா குத்திவிட்ட மாதிரியே இருந்தன.

அடுத்த தேர்வுக்கு அத்தை ரயிலில் போனாள், வழியெல்லாம் நின்றுகொண்டே. உயரம் சரியாக இருந்தது. இப்போது காக்கிச் சட்டை போட்டு, பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறாள். என் தங்கச்சி ஒரே வருசத்துல அரை சென்டி வளந்தா என்று அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அத்தை பக்கத்தில் இருந்தாலும் மறுப்பதில்லை.

கொண்டையை அவிழ்க்காமல் யாரையும் அளவுகோலின் கீழே நிறுத்த மாட்டார்கள் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தையிடம் நான் கேட்டதில்லை. அந்தக் கதவுக்குள் அவள் போகவே இல்லை; தாமதமாக வந்து நின்றவள், எங்கள் வண்டி வருவதைப் பார்த்ததும் எங்கேயோ போய் மறைந்துகொண்டிருக்க வேண்டும். படுக்க வைத்துக் கொண்டுவந்த அண்ணனால்தான் எல்லாம் போயிற்று என்பதைவிட, தன் உயரத்தால் போயிற்று என்பது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அன்று ஆவடியிலிருந்து திரும்பும்போது மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். அப்பா ஓட்டிக்கொண்டே அழுதார். அத்தை எனக்குப் பின்னால் கையை நீட்டி, அவர் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். தோற்றவள் அத்தைதானே, அவளை ஏன் யாரும் தேற்றவில்லை என்றுதான் எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.