மேல்வேலியும் கீழ்வேலியும்

பதினோராந் தரத்துக்கு இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். போலந்துக்குள் மேற்கேயிருந்து ஜேர்மனி நுழைந்தது. இரண்டு கிழமை கழித்துக் கிழக்கேயிருந்து சோவியத் ஒன்றியம் நுழைந்தது. போலந்துக்குத் துணை நிற்போம் என்று வாக்குக் கொடுத்திருந்த பிரித்தானியாவும் பிரான்சும் ஜேர்மனியோடு மட்டும் போருக்குப் போயின. “மத்தவனும்தானே டீச்சர் புடிச்சான், அவன ஏன் விட்டாங்க?” என்று பிள்ளை கேட்கும். ஒப்பந்தம், நட்பு நாடுகள், ஒரே நேரத்தில் இரண்டு பேரைப் பகைக்க முடியாத நிலைமை என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்வேன். பரீட்சைக்கு அது போதும். எனக்கு இந்தப் பாடம் எட்டு வயதிலேயே, எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு போஞ்சித் தோட்டத்தில் நடந்தது. அப்போது ஒன்றும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா தொழிற்சங்கத்துத் தலைவர். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் எல்லோரையும் போல தேயிலைக்கு மருந்தடிக்கப் போவார், பின்னேரம் வந்து எல்லோருடைய வழக்கையும் கேட்பார். எங்கள் மேல் லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவின் சங்கம். கீழ் லயத்துக்காரர்கள் மற்றச் சங்கம். அவர்களுக்கும் ஒரு தலைவர் இருந்தார், மீசை வைத்தவர். அவரைப் பார்த்தால் சிரிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவரும் எங்களைப் பார்த்துச் சிரித்ததில்லை என்பதால் சட்டத்தைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்தவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவோம். இரத்த உறவில்லை. ஆனால் அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, உட்காருவது ஒரே வாங்கு, பேன்கூட எங்கள் இருவருக்கும் பொது. சின்னம்மாவின் புருஷன் கல்லும் புல்லுமாகக் கிடந்த சரிவைக் கொத்தி, மேலிருந்த ஊற்றிலிருந்து ஒரு வாய்க்கால் இழுத்து, அந்தத் தோட்டத்தை உண்டாக்கிவிட்டு ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கம்பெனி நிலத்துக்கு எங்கள் பெயரில் எழுத்து ஏது? வேலி எங்கே நிற்கிறதோ அதுவரை நம்முடையது, அவ்வளவுதான். கொழுந்து பறித்து வருவது அரிசிக்கே சரியாக இருந்தது. மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது அந்தப் போஞ்சிதான். மாத்தளையிலிருந்து மரக்கறி லொறி வரும் நாளில் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

முப்பதாம் நாள் காரியத்தில் சாப்பிட்டு முடிந்ததும் அப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சொன்னார். “இந்தத் தோட்டத்துல எவன் கால வச்சாலும் என்னைய தாண்டித்தான் வைக்கணும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஆக வேகமாக ஆட்டியது என் தாய்மாமன். மாமா அம்மாவின் அண்ணன், சங்கத்தில் அப்பாவுக்கு வலது கை. சின்னம்மாவின் தோட்டத்துக்கு மேல்வேலிக்கு அந்தப்பக்கம் மாமாவின் தோட்டம். கீழ்வேலிக்கு அந்தப்பக்கம் மீசைக்காரத் தலைவரின் தோட்டம். மாமா மகனுக்கு எங்கள் அக்கா என்று இரண்டு பேரும் தவழும்போதே பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீசைக்காரர் கீழ்வேலியைப் பிடுங்கி இரண்டு வரிசை உள்ளே தள்ளி நட்டுவிட்டார். சின்னம்மா ஓடிவந்து சொன்னதும் அப்பா சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை. பதினைந்து பேர் இறங்கினார்கள். மாமா மம்பட்டிக் காம்போடு முன்னால் போனார். நாங்கள் பிள்ளைகள் மேலே நின்று பார்த்தோம். அம்மா என் காதைப் பொத்தியதால் வசவுகள் பாதிதான் கேட்டன. அப்பாவின் சட்டைப் பை கிழிந்தது, கீழ் லயத்தில் ஒரு மண்பானை உடைந்தது. மறுநாள் எங்கள் லயம் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. எஸ்டேட்டை நடத்தும் தொரை ஜீப்பில் வந்து, கணக்கப்பிள்ளையை விட்டுக் கயிறு பிடித்து அளக்கச் சொன்னார். வேலி பழைய இடத்துக்கே போனது.

அதோடு முடியவில்லை. இரண்டு லயத்துக்கும் பேச்சு நின்றது. தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவர்களுக்கு ஒரு நேரம், எங்களுக்கு ஒரு நேரம். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த கீழ் லயத்துப் பையன் தன் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வாங்குக்குப் போனான். அவனிடம் இரவல் வாங்கிய அழிறப்பரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. யுத்தம் என்றால் சும்மாவா? சின்னம்மா பெரிய சட்டியில் பாயாசம் காய்ச்சிக் காம்பரா காம்பராவாகக் கொடுத்தார். அப்பாவுக்குக் கொடுக்கும்போது கண் கலங்கியது. அன்றைக்கு என் அப்பாவைப் போல ஓர் ஆள் இந்த உலகத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைதான் போயிருக்கும். ஒரு காலையில் பார்த்தால் மேல்வேலி இறங்கி வந்திருந்தது. இரண்டல்ல, நான்கு வரிசை. வாய்க்கால் வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. மாமா நின்று, நட்ட கம்பை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம் அவர் சொன்ன காரணம் இதுதான்: ஒற்றைப் பொம்பிளையால் இவ்வளவையும் காப்பாற்ற முடியாது, கீழே இருக்கிறவன் இன்னொரு நாள் முழுவதையும் விழுங்கிவிடுவான், அதற்குள் மேல்பக்கத்தையாவது நம்ம கையில் வைத்திருப்போம் என்றுதான்.

பின்னேரம் சின்னம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். போன தடவை ஓடி வந்தவர் இந்த முறை நடந்து வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“அண்ணே, வாய்க்காலும் போச்சு. தண்ணியில்லாம கீழ இருக்கிறத வச்சு நான் என்ன செய்ய?”

அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார்.

“நான் பேசுறேன் தங்கச்சி. கொஞ்சம் பொறுங்க. பெரிய புள்ளைக்குப் பரிசம் வருது. அது முடியட்டும்.”

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தார். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

நாள் போனது. அப்பாவும் மாமாவும் எப்போதும் போல ஒன்றாக மருந்தடிக்கப் போனார்கள், ஒன்றாக வந்தார்கள். சின்னம்மாவும் மகளும் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். பூவெல்லாம் கொட்டியது. “உங்கப்பா எப்ப மாமாகிட்ட சண்டைக்குப் போவாரு?” என்று என் சிநேகிதி வாங்கில் இருந்தபடி மெதுவாகக் கேட்டாள். நானும் அப்பாவிடம் கேட்டேன். “அது வேற, இது வேற. போய்ப் படி” என்றார். இரண்டும் வேலிதானே என்றேன். அம்மா கூப்பிட்டு வெங்காயம் உரிக்க வைத்தார்.

பரிசத்தன்று எங்கள் காம்பராவுக்கு முன்னால் தகரம் போட்டுப் பாய் விரித்தார்கள். மாமா வீட்டார் தட்டுகளோடு வந்தார்கள். வெற்றிலை, தேங்காய், வாழைப்பழம், அக்காவுக்கு ரோசா நிறத்தில் சேலை. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. தட்டு மாற்றுவதற்கு முன்னால் கோயில் தலைவர் சபையைப் பார்த்து, யாருக்காவது சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்பார். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கேட்பதே அதற்குத்தான். அது எனக்குத் தெரியாது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்.

நான் எழுந்தேன். “எனக்கு இருக்கு. மாமா சின்னம்மாவோட நாலு வரிசையையும் வாய்க்காலையும் திருப்பிக் குடுக்கணும்.”

மாமா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “என்ன மச்சான், புள்ளைய விட்டுப் பேச வைக்கிறீங்களா?” என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே வேட்டியைச் சரிசெய்து எழப்போனார். அத்தை சேலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். உள்ளே அக்கா விசும்புவது வெளியே கேட்டது. அப்பா வாயைத் திறந்தார். ஏதோ சொல்லப்போகிறார், இப்போதாவது சொல்லப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மூடிக்கொண்டார்.

புருஷனில்லாதவர் என்பதால் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்த சின்னம்மா அங்கிருந்தே பேசினார். “நான்தாங்க குடுத்தேன். ஒத்த ஆளு, மேல ஏறி வேல செய்ய முடியல. மனசாரத்தான் குடுத்தேன். புள்ளைக்குத் தெரியாது.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். மாமா உட்கார்ந்தார். தட்டு மாறியது. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் நீலமாக இருந்தது. அதைவிட எனக்கு வலித்தது, சின்னம்மா இத்தனை பேருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கியதுதான். அவருக்காகத்தானே பேசினேன்! ஒரு கிழமை அவரோடு கோபமாக இருந்தேன். அக்காவின் கல்யாணத்தை அன்றைக்குக் காப்பாற்றியது அவர்தான் என்பதெல்லாம் பின்னால் நானாகக் கணித்துக்கொண்டது.

கல்யாணம் முடிந்தது. அப்பா மாமாவிடம் பேசவில்லை. இப்போது சம்பந்தி ஆகிவிட்டாரே, இனி எப்படிப் பேசுவது? கீழே மிச்சமிருந்த போஞ்சியும் காய்ந்தது. சின்னம்மா அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஒருநாள் கீழ் லயத்துக்கு இறங்கிப்போய், மீசைக்காரரின் சங்கத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறே மீசைக்காரர் பதினைந்து பேரோடு மேலே ஏறி வந்தார். தன் சங்கத்து ஆளின் நிலத்தில் எவன் கை வைத்தது என்று கேட்டார். மறுபடியும் தொரை, ஜீப், கயிறு. மேல்வேலி பழைய இடத்துக்குப் போனது, வாய்க்கால் மறுபடியும் சின்னம்மா பக்கம் வந்தது. இந்தத் தடவை பாயாசம் கீழ் லயத்துக்குப் போயிற்று. தன் நிலத்தைப் பிடித்தவனையே துணைக்குப் பிடித்தாளே என்று எங்கள் லயம் வாயில் அடித்துக்கொண்டது. காட்டிக் கொடுத்தவள், உண்ட வீட்டுக்கு வஞ்சகம் செய்தவள் என்று மாமா சொன்னார், அத்தை சொன்னார், அம்மாவும் சொன்னார். என் சிநேகிதி தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வாங்குக்குப் போனாள். அந்த வாங்கில் தனியாக உட்கார்ந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அந்த ஆத்திரத்தில்தான் அது நடந்தது. ஒரு பின்னேரம், எங்கள் நேரத்தில், சின்னம்மா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். லயத்துப் பெண்கள் குடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். நான் முன்னால் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, “காட்டிக் குடுத்தவ!” என்றேன். நல்ல வேலை செய்தோம் என்று நிமிர்ந்து பார்த்தேன். பெண்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கன்னத்தில் பளார் என்று விழுந்தது. மருந்து வாளியைக் கழுவ வந்த அப்பா பின்னால் நின்றிருக்கிறார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அவர் என்னை அடித்ததே கிடையாது. என்னை அடித்துவிட்டு, நிறைந்திருந்த குடத்தைக் குனிந்து தூக்கிச் சின்னம்மாவின் இடுப்பில் வைத்துவிட்டார். அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. “வாறேன் அண்ணே” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா போனார்.

ஊரே சொன்னதைத்தான் நானும் சொன்னேன். மாமாவை அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை, சிரித்த பெண்களை ஏறிட்டும் பார்க்கவில்லை, எனக்கு மட்டும் ஏன் அடி என்று விளங்காமல் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தேன். அப்பாவும் சாப்பிடவில்லை. அவர் கோபம் யார்மேல் என்று யோசிக்கிற வயதா அது?