வியாழக்கிழமை நாலு மணி

செய்தி வந்தபோது கல்லூரியில் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வேலாத்தை அக்கா வரவில்லை என்று வழக்கம்போலக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். லிபெர்த்தா வீதியில் அவர் வேலை செய்த வீட்டு எசமானி, அந்த சிஞ்ஞோரா, தொலைபேசியில் அழுதார். அக்கா விடியற்காலையே மாரடைப்பில் போய்விட்டாராம்.

இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரில் அவரைத் தெரியாத இலங்கைத் தமிழர் குறைவு. "மட்டக்களப்பு அக்கா" என்போம். வாகரைப் பக்கத்து ஆதிவாசிகளான வேடர் குடியில் பிறந்தவர் என்பதை அவரே பலமுறை சொன்னார். நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்தவள் என்ற மிதப்பில் இருந்த நானும் அப்படித்தான்.

நான் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் கல்லூரியில் பழைய ஒலிநாடாக்கள் சில உண்டு. முன்னொரு காலத்தில் ஒரு பேராசிரியர் அக்காவின் ஊருக்குப் போய்ப் பதிந்து வந்த சடங்குப் பாட்டுகள். சில சொற்கள் விளங்காமல் அக்காவை அழைத்துப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். அது அவருடைய பெரியப்பாவின் குரல்.

"நிப்பாட்டு மனே. இது சடங்குக்கு மட்டும் பாடுறது." பெண்பிள்ளைகளையும் அக்கா 'மனே' என்றுதான் அழைப்பார்.

பிறகு நாடாப் பெட்டியைப் பார்த்தார். 'தமிழ் நாட்டார் பாடல்' என்று நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். "நாங்க தமிழ்தான் கதைக்கிறம். அதுக்காக எங்கட சாமிப் பாட்டு உங்கட பாட்டாகுமா?" என்றார். மாற்றுவதற்குக் கல்லூரியின் அனுமதி வேண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அக்கா கேட்டவை இரண்டுதான். நாடாக்களின் பிரதிகள் ஊருக்குப் போகவேண்டும். யார் கேட்கலாம் என்பதை அந்த மக்களே தீர்மானிக்கவேண்டும். கல்லூரி மகிழ்ந்துபோய் ஒரு பங்காளர் குழுவை அமைத்து, அக்காவுக்கு ஒரு கதிரையும் பெயர் அட்டையும் கொடுத்தது. கூட்டம் செவ்வாய் காலையில். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. வியாழனுக்கு மாற்றச் சொல்லி மூன்று வருடம் கேட்டோம். நேர அட்டவணை இடம் கொடுக்காது என்று துறைத்தலைவர் ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு சொன்னார்.

ஒருமுறை அக்கா சிஞ்ஞோராவிடம் கெஞ்சி லீவு எடுத்து வந்தார். அன்று கூட்டம் ரத்து. அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம், நான் உட்பட. வெறும் அறையைப் பார்த்துவிட்டு, "கதிர தந்திரிக்காங்க மனே, இரிக்கத்தான் நேரம் தரல்ல" என்றார். அதற்குப் பிறகும் அவருடைய கோரிக்கைகள் 'பிரதிநிதி வராததால்' ஒத்திவைக்கப்பட்டன. அந்த வரியை எழுதியது என் கைதான்.

இந்தச் செவ்வாய் செய்தி கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். அஞ்சலிக் கூட்டம் வைக்கவேண்டும், அவருடைய ஆட்கள் எல்லோரும் வரக்கூடிய நேரமாக இருக்கட்டும் என்றார் துறைத்தலைவர். வியாழன், நாலு மணி. ஒருவரும் அட்டவணையைப் புரட்டவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனையை எறியாமல் இருந்ததே பெரிது.

அக்காவை அறிந்தவர்களே, வியாழன் வாருங்கள். மாலை வேண்டாம். பெட்டியில் நான் ஒட்டிய தாளை நேற்றே கிழித்துவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை. அக்காவின் பெயர் அட்டை இப்போது என்னிடம் இருக்கிறது. அதை அவருடைய கதிரைக்கு முன்னால் வைத்து, அந்த இரண்டு கோரிக்கைகளையும் வாசிப்பேன். பதில் கிடைக்கும்வரை ஒருவரும் எழும்பக்கூடாது. குறிப்பேடு இன்னும் என் கையில்தான். இந்த முறை அவர் வரவில்லை என்று எழுத மாட்டேன்.