உள்ளே கிடந்த பைலட்

நேற்று பேத்தி கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் நான் அந்தக் காலத்துப் பதுளைக்குப் போய்விட்டேன். எனக்கு அது எப்போதும் விமான வாசனைதான்.

அப்போது பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு வேலை. ஸ்டெல்லாவைக் கட்டிய புதிது. அவளுடைய அப்பா ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர். மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்பதால் என்னோடு நேரே பேசமாட்டார். நான் எதிரில் இருக்கும்போதே, "அவரு டீ குடிப்பாரான்னு கேளும்மா" என்பார். நானும் ஸ்டெல்லாவிடம், "குடிப்பேன்னு சொல்லு" என்பேன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த நேரம். சீமைக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை, தன் மகன் பிரிக்காமலே விட்டுப்போன ஒரு பெட்டியை மாமாவுக்குக் கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் போர் விமானம். மாமா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக் கும்பிடாத குறை. கிறிஸ்மஸுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன்: "நான் ஒட்டிப் பூட்டித் தர்றேன் மாமா. நத்தாருக்குக் கொண்டாந்துர்றேன்."

மாமா மகளைப் பார்த்தார். "ஒடைக்காம கொண்டாரச் சொல்லு."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தால், உள்ளே இருந்த பசை கல்லாகிக் கிடந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். வேறு பசைக்கு எங்கே போவது? ஸ்டெல்லாவின் நகப்பூச்சு அழிக்கும் போத்தல் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான், கரைத்தது. முதலில் ஒரு சக்கரத்தைக் கரைத்தது. பிறகு என் பெருவிரல் ரேகை விமானத்தின் வயிற்றில் அழுத்தமாகப் பதிந்தது. ஓட்டுபவர் சீட்டுக்கு மேல் வரும் கண்ணாடி மூடி பனிபிடித்ததுபோல் வெளுத்துப்போனது.

"என்னங்க, கல்யாணத்துக்கு வந்த ஒரே போத்தலுங்க அது" என்றாள் ஸ்டெல்லா. நான் கேட்கவில்லை. சீக்கிரம் காயட்டும் என்று மண்ணெண்ணெய் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். தேத்தண்ணி ஊற்றித் திரும்புவதற்குள் இடது இறக்கை மழையில் நனைந்த காக்காயுடையதுபோல் தொங்கிவிட்டது.

கடையில் எஞ்சியிருந்தது கேட்டுக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட் மட்டும். அதையே அடித்தேன். தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் வட்டச் சின்னம் ஒன்று நழுவி எங்கோ போய்விட்டது. மறுநாள் கடை முதலாளி, நல்ல மனுசன், என் முழங்கையைத் திருப்பி, அங்கே ஒட்டியிருந்த வட்டத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, பச்சை குத்தியிருக்கீங்களா?"

நத்தார் அன்று விமானத்தை மடியில் வைத்துப் பஸ்ஸில் போனேன். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கடகடவென்றது.

"உள்ள என்ன?" முதல்முறையாக என்னிடமே கேட்டார்.

"பைலட் பொம்மை, மாமா. சீட்டுல ஒட்டினேன். கழண்டு வாலுப் பக்கம் போயிட்டான்."

மாமாவின் தோள் குலுங்கியது. கோபம் என்றே நினைத்தேன். பார்த்தால் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மாப்பிள்ளை, இறக்கை போற போக்கைப் பார்த்துப் பயந்துட்டான் போல" என்றார். ஸ்டெல்லா அடுப்படிக்குப் போய் அழுதாள். அன்றைக்கு அவர் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்தார். அதன்பிறகு வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் அந்த விமானத்தை ஆட்டிக் காட்டாமல் விடமாட்டார்.

சில வருசம் கழித்து, ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம், மாமா போனார். பச்சை விமானத்தையும் கையோடு கொண்டுபோனார். இராமேஸ்வரத்தில் சுங்கத்துக்காரர், "என்ன பெரியவரே, ஒடைஞ்ச சாமானையா தூக்கிட்டு வர்றீங்க?" என்றாராம். "ஒடையலைங்க. எங்க மாப்பிள்ளை செஞ்சதே அப்படித்தான்" என்று பெருமையாகச் சொன்னாராம் மாமா.

அங்கே திருச்சியில் மாமா வீடு மாறியபோது விமானம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவும் போய்விட்டார், அவர் ஏறிய தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. போன மாதம் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் போனேன். மாமாவின் கிளாக்கர் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் யாரோ போஞ்சிக் கொடி போட்டிருந்தார்கள். நன்றாகக் காய்த்திருந்தது.