படம் முடிந்த பிறகு ஓடிய பதினொரு நிமிடம்

இது நடந்தது. கதை கட்டுவதாக இருந்தால் பாழடைந்த பங்களா, அமாவாசை, நாய் ஊளை என்று நாலு சாமான் சேர்த்திருப்பேன். கட்டிய கணவனை இதற்குள் இழுத்திருக்க மாட்டேன். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் 2.38 மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

முன்பெல்லாம் என் கணவரைப் பற்றி எழுதினால் 'அவர்' என்றுதான் எழுதுவேன். இப்போது 'அவன்' என்றுதான் கை எழுதுகிறது. ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராக ஒரு படவிழா நடத்தினோம். அலைச்சறுக்குப் படங்கள். பலகையில் ஏறி அலைமேல் போகிறவர்களைப் பற்றி, கைக்காசைப் போட்டு யார் யாரோ எடுத்த சின்னப் படங்கள். பெரிய தியேட்டர்காரர்கள் இவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பன்னிரண்டு படங்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு, ஒரு வேனில் ஏறி, ஒன்பது ஊர் போவதாகத் திட்டம். அவன் டைரக்டர், அதாவது மைக் பிடிக்கிறவன். புரொஜெக்டர் வேலை முழுக்க என்னுடையது.

கடைசியாகப் போடும் படம் என் தம்பி எடுத்தது. 9 நிமிடம் 20 விநாடி. அதில் பேச்சு கிடையாது. அலைகள், மெல்லிய இசை, அவ்வளவுதான். என் தம்பி பலகை ஏறுகிறவன் இல்லை. கேமராவோடு தண்ணீருக்குள் இறங்கி, மிதந்துகொண்டே அலைக்குள்ளிருந்து படம் எடுக்கிறவன். "கரையை யார் வேணா எடுப்பாங்கக்கா, அதுல என்ன இருக்கு" என்பான். அதனால் அவன் எடுத்த எதிலுமே கரை இருக்காது.

போன வருடம் ஒரு விடியற்காலையில் அவன் கடலோடு போய்விட்டான்.

யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டான் என்றுதான் என் கணவன் சொன்னான். அன்று நாங்கள் மூன்று பேரும் ஒரே லாட்ஜில் தங்கியிருந்தோம். நான் ஏழு மணிக்கு எழுந்தபோது கணவன் என் பக்கத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். உடம்பு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. மூன்றாம் நாள், கேமரா கரையில் ஒதுங்கிக் கிடந்ததாகச் சொல்லி என் கணவனே கொண்டுவந்தான். அதற்குள் இருந்ததைத் தொகுத்துதான் அந்தக் கடைசிப் படம்.

என் அம்மா மட்டும் அடங்கவில்லை. "நெஜமாவே மாப்பிள்ளை தூங்கிட்டுதான் இருந்தாரா?" என்று மூன்று முறை கேட்டாள்.

"என் பக்கத்துலதான்மா படுத்திருந்தாரு. என் மேல சத்தியம்."

மூன்றாவது முறை கேட்டபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளை போன துக்கத்தில் மருமகன் மேல் பழி போடாதே என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ஏழு மாதம். அவனுக்காகப் பெற்ற தாயைத் தூக்கி எறிந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

என் வேலை முறையையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் காட்சிக்கு முன்னால், காலி அரங்கில், படங்களைச் சரிபார்ப்பேன். ஒரு படத்துக்கு முதல் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், கடைசி ஒரு நிமிடம். இந்தத் தொழிலில் யாரும் முழுப் படம் பார்ப்பதில்லை. பார்த்தால் அன்றைக்கு சோறு தண்ணீர் கிடையாது.

நான்காவது ஊரில்தான் ஆரம்பித்தது. தம்பி படத்தின் கடைசி நிமிடம் ஓடி முடிந்தது. திரை கறுத்தது. நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். 'களக்… களக்…' என்று சத்தம். எதன் மேலோ தண்ணீர் மோதுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் கருவியில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 9.27, 9.28… 9.31-இல் நின்றது. ஃபைல் கெட்டுவிட்டது போல என்று நினைத்தேன்.

ஐந்தாவது ஊரில் 9.58 வரை ஓடியது. திரையும் கறுப்பாக இல்லை. விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். தண்ணீர் மட்டத்திலிருந்து தெரிகிறது கரை. கரை! என் தம்பி எடுக்கவே மாட்டேன் என்ற கரை.

"நீ படத்துல ஏதாவது மாத்தினியா?" என்று கணவனைக் கேட்டேன். காதலித்த காலத்திலிருந்தே எங்களுக்குள் நீ, வா, போதான்.

"இல்லையே. ஏன்?"

"கடைசியில ஏதோ கூட ஓடுது."

"நீ சரியாத் தூங்குறதே இல்ல" என்றான். தலையை வேறு தடவிக்கொடுத்தான்.

ஆறாவது ஊரில், கரையின் பாறைமேல் ஓர் ஆள். நகம் அளவு உருவம். அன்று சாயங்காலம் கூட்டத்துக்குப் போட்டபோது படம் சரியாக 9.20-க்கு முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். என் கணவன் வழக்கம்போல வெளியே நின்றிருந்தான். அந்தப் படத்தை அவன் ஒரு முறைகூட உட்கார்ந்து பார்த்ததில்லை. "மாப்ளய நெனச்சா தாங்க முடியல" என்பான். நான் போய் அவன் கண்ணைத் துடைத்துவிடுவேன். என்னைப் போல ஒரு முட்டாள் உண்டா?

ஏழாவது ஊர். பழைய அரங்கம், முந்நூறு நாற்காலி. மாடியில் புரொஜெக்டர் அறை. அந்த அரங்கத்து ஆபரேட்டர் ஐம்பது வயதுக்காரர், சளசளவென்று பேசுகிறவர். "அலையில சறுக்குறதுக்கு ஒரு படமா? நான் பாத்ரூம்ல சறுக்கி விழுந்தப்போ ஒருத்தனும் படம் எடுக்கலையேம்மா" என்று சிரிக்க வைத்தார். ஒலி எப்படி இருக்கிறது என்று பார்க்க, கையில் போனோடு கீழே போய் நடு வரிசையில் உட்கார்ந்தார். என் கணவன் வாசலில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

மணி 2.38. கடைசிப் படம். இந்த முறை வயரைத் தொடவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

9.20.

திரை கறுத்தது.

9.21…

'களக்… களக்…'

சாம்பல் வெளிச்சம். கரை. பாறை. பாறைமேல் அந்த ஆள். இந்த முறை கிட்டத்தில். இருபதடி கூட இருக்காது. படம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்து மூடும். விலகும். மறுபடி கரை தெரியும். மறுபடி அவன்.

இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. பத்து வருடமாகப் பார்க்கிற தோள்.

கையில் மஞ்சளாக ஏதோ வைத்திருந்தான். மடித்த துண்டு என்று நினைத்தேன்.

நிறுத்து பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

11.40.

12.05…

மூச்சுச் சத்தம். இரைக்கிற மூச்சு. தண்ணீர் குடித்து, இருமி, மறுபடி இரைக்கிற மூச்சு.

என் போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. கீழேயிருந்து ஆபரேட்டர்.

"ஏம்மா… இது பேச்சில்லாத படம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"யாரோ 'மாமா, மாமா'ன்னு கூப்பிடுறாங்களே…"

என் காதிலும் விழுந்தது.

"மாமா…"

என் தம்பி என் கணவனை அப்படித்தான் கூப்பிடுவான்.

"மாமா… கை குடு மாமா…"

பாறைமேல் இருந்தவன் அசையவில்லை.

15.30.

நின்றுகொண்டிருந்தான்.

17.00.

நின்றுகொண்டே இருந்தான்.

கூப்பிடும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. கரை எட்டப் போனது.

20.14-இல் அவன் திரும்பினான். நடந்தான்.

ஓடவில்லை… நடந்தான்.

20.20.

கறுப்பு.

புரொஜெக்டர் அறையில் உப்பு வாடை. அந்த ஊரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டர்.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. ஆபரேட்டர் ஏதோ கேட்டார். வாசலில் அவன் போஸ்டரின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். போஸ்டரில் என் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நீ பாறை மேல நின்னியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உனக்குப் பைத்தியமா என்று கத்தியிருக்கலாம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவன் கேட்டது வேறு.

"யாரு பார்த்தா?"

அங்கேயே என் கல்யாணம் முடிந்தது. மற்றதெல்லாம் அப்புறம் வந்த விவரம்.

படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னான். அன்று விடியற்காலையில் தம்பியை எழுப்பிக் கூட்டிப்போனதே அவன்தான். கடல் சரியில்லை என்று தம்பி சொல்லியிருக்கிறான். "ஒரே ஒரு ஷாட், மாப்ள" என்று இவன் இரண்டு முறை இறக்கியிருக்கிறான். தான் கேட்ட மாதிரி அலை வரவில்லை என்று மூன்றாவது முறையும் இறக்கியிருக்கிறான். அந்த முறை நீரோட்டம் இழுத்துவிட்டது. எப்படியோ நீந்திப் பாறை வரைக்கும் வந்துவிட்டான் என் தம்பி. ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். "மாமா, இதப் பிடி" என்று கேமராவை நீட்டியிருக்கிறான்.

இவன் கேமராவை வாங்கிக்கொண்டான்.

அடுத்த அலையில் தம்பி மறுபடி உள்ளே போய்விட்டான்.

"உனக்கு நீச்சல் தெரியுமே?"

"தெரியும்."

"கத்தியிருக்கலாம்ல? ஆளக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"பயந்துட்டேன். நான்தான் எறக்கி விட்டேன்னு எல்லாரும் சொல்லுவாங்கன்னு…"

"எவ்ளோ நேரம் நின்னே?"

"ஒரு நிமிஷம். அதுகூட இருக்காது."

அழுதுகொண்டேதான் சொன்னான். நான் பத்து வருடமாகத் துடைத்துவிட்ட அதே கண்ணீர். அப்போதும் பொய்.

அன்று சாயங்காலம் காட்சி நடக்கவில்லை. வேன் சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு, பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போனேன். இரவு ஒன்பதரை. கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "அவரு தூங்கலதான?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவனும் பாறையில் நின்றதை ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு நிமிடம்தான் என்று அங்கேயும் சாதித்தான். இன்ஸ்பெக்டர் தம்பியின் படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். 9.20-க்கு முடிந்தது. மறுபடி போட்டார். 9.20. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நல்லவேளை, அந்த ஆபரேட்டர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "குரலை நானும் கேட்டேன் சார், என் ரெண்டு காதாலயும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு சிரிப்புப் பேச்சும் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க வீட்டுக்காரர் எத்தனை நிமிஷம் நின்னதா எழுதிக் குடுத்தீங்க?"

"பதினொன்னு."

மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, கேமராவிலிருந்து எடுத்த விவரம். கடைசிப் பதிவு காலை 6.13-க்கு நிறுத்தப்பட்டு, பிறகு அழிக்கப்பட்டிருக்கிறது. கேமராவை வாங்கியதும் என் கணவனே அணைத்திருக்கிறான். பேட்டரி வீணாகக் கூடாதாம். கேட்டதற்கு அப்படித்தான் சொன்னானாம்.

இன்னொன்று, லாட்ஜ் வாசலில் இருந்த கண்காணிப்புக் கேமராவின் படம். பழைய பதிவுகளை யாரும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். மணி 6.29. என் கணவன் உள்ளே நுழைகிறான். தலை ஈரம். கையில் மஞ்சள் நிறத்தில், தண்ணீர் புகாத பெட்டிக்குள் தம்பியின் கேமரா. நான் துண்டு என்று நினைத்தது அதைத்தான்.

"பாறையில இருந்து லாட்ஜுக்கு அஞ்சு நிமிஷ நடை. நானே நடந்து பார்த்தேன். உங்க கணக்கு சரியா இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "ஒரு கேள்விம்மா. உங்க தம்பிகிட்ட வேற கேமரா இருந்துச்சா?"

"இல்ல சார். அது ஒன்னுதான்."

"அந்த நேரம் முழுக்க அது இவர் கையில இருந்திருக்கு. அணைஞ்சு வேற கிடந்திருக்கு. அப்போ கடலுக்குள்ள இருந்து கரையைப் பார்த்து…"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுதவும் இல்லை.

எடுத்தது யார் என்று நானும் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்தப் பதினொரு நிமிடமும் என் தம்பி உயிரோடுதான் இருந்திருக்கிறான். கண்ணைத் திறந்து, தன் மாமாவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.