றுகையாவின் மூன்று சாட்சிகள்

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் றுகையாவை இடியப்பக்காரி என்று சொன்னால்தான் ஆட்களுக்கு விளங்கும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு முன்பே அடுப்பை மூட்டி, நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். அவள் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. வேலி என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அதிலுள்ள ஓட்டைக்குள்ளால் ஓர் ஆடு சிரமமில்லாமல் போய்வரும். அதனால் அங்கே யார் என்ன கதைத்தாலும் எனக்குக் கேட்கும். கேட்க எனக்கு விருப்பமா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குப் பெற்றோர் கட்டிக் கொடுப்பது. றுகையாவின் புருஷன் மீராசாஹிபு ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போய்வந்து, ஒரே வளவுக்குள் இரண்டு வீடு கட்டி முடித்துவிட்டுத்தான் மவுத்தாகி மண்ணுக்குள் போனார். மூத்த மகள் அஸ்மியாவுக்கு முன் வீடு. இளையவள் நுஸ்ஹாவுக்குப் பின் வீடு. நடுவில் கிணறு. றுகையா பின் வீட்டில் அடுப்பிருக்கிற குசினியோடு ஒட்டிய அறையில் படுப்பாள்.

அவள் பிள்ளைகளிடம் எதையும் கேட்டு நான் கண்டதில்லை, ஒன்றைத் தவிர. பெருநாள் தொழுகை முடிந்து வந்ததும் இரண்டு மருமக்களும் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அகன்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் போட்டு, சுற்றியிருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவதைத்தான் சஹன் என்போம். "ஒரு சஹனில கை வெச்ச ரெண்டு பேர் கோவிச்சிக்கிட்டு இரிக்க ஏலாகா" என்பாள். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதைக்கூட அந்த இரண்டு ஆம்பிளைகளால் நிறைவேற்றிக் கொடுக்க முடியவில்லை.

மூத்த மருமகன் அஹ்ஸனுக்குக் கல்முனையில் இரும்புச் சாமான் கடை. இளைய மருமகன் ஷிப்லி ஒரு கணக்காளரிடம் வேலை செய்கிறான். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான். போனைக் கையில் எடுக்கும்வரைக்கும்.

சில வருடத்துக்கு முந்தி, உலகத்தில் எங்கே பிறை கண்டாலும் எல்லோருக்கும் பெருநாள்தான் என்று ஒரு மௌலவி பேசிய பயானை அஹ்ஸன் போனில் பார்த்தான். முழுதாகப் பார்த்தான். போன் அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டுவந்து கொடுத்தது. அதையும் பார்த்தான். பின் வீட்டில் ஷிப்லி, உள்நாட்டில் கண்டால்தான் பிறை என்று இன்னொரு மௌலவி பேசியதைப் பார்த்தான். அவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. இப்போது பிறை என்று ஒரு சொல்லைத் தட்டினால் போதும், முன் வீட்டில் ஒரு மார்க்கம் வரும், பின் வீட்டில் வேறொரு மார்க்கம் வரும். அவனவன் தனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் போடுவான். மற்றவன் அதற்குக் கீழே வந்து கிழிப்பான். கிணற்றடியில் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்வார்கள், அதோடு சரி. எனக்கு இதையெல்லாம் வாசித்து வாசித்தே அலுத்துப்போய்விட்டது. வாசிக்காமல் இருக்கலாமே என்று கேட்காதீர்கள். என் போனும் எனக்கு அதைத்தான் காட்டுகிறது.

இந்த வருட நோன்பு முடிகிற நேரம், இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு ஊரில் இரண்டு ஒலிபெருக்கி பேசின. பெரிய பள்ளியில், பிறை காணவில்லை, நாளைக்கும் நோன்பு என்றார்கள். கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பள்ளியில், வெளிநாட்டில் கண்டாயிற்று, நாளைக்குப் பெருநாள் என்றார்கள். நான் எந்தப் பள்ளியின் பேச்சைக் கேட்டேன் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இதற்குக் கீழேயும் ஒரு சண்டை வரும்.

அந்தி மஃரிப் தொழுகை முடிய இரண்டு மருமக்களும் குசினி வாசலில் வந்து நின்றார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, நாளைக்குப் பெருநாள். பெருநாளண்டைக்கு நோன்பு புடிக்கிறது ஹராம்" என்றான் அஹ்ஸன்.

"மாமி, நாளைக்கு முப்பதாம் நோன்பு. அத விடுறது பெரிய பாவம்" என்றான் ஷிப்லி.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. றுகையா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். பாவம், பிடித்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம்.

"கொஞ்சம் பொறுங்க மகன்" என்று சொல்லி உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்தாள். அது அஹ்ஸன் புதுப் போன் வாங்கியபோது அவளுக்குக் கொடுத்த பழைய போன். கத்தாரில் இருக்கும் அவள் தம்பியோடு கதைப்பதற்காகக் கொடுத்தது. "நீங்க ரெண்டு பேரும் உங்கட உங்கட போனக் கேட்டுட்டீங்க. இது ஒருத்தர்ட பக்கமும் இல்லாத போன். நான் இதுட்டக் கேக்கிறன்" என்றாள்.

எழுத்துக் கூட்டித் தேடிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. போனை வாயருகில் பிடித்து, அறிவிப்புச் செய்கிறவள் போலக் கேட்டாள்: "பெருநாள் எப்ப?"

வீடியோக்கள் வந்தன. முதலாவதை அமத்தித் திறந்தாள். ஒரு மௌலவி நாளைக்குப் பெருநாள் என்றார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒருவர் விரலை நீட்டி வானத்தைக் காட்டியே சொன்னார். றுகையா போனை அணைத்தாள்.

"பிறைக்கு ரெண்டு சாட்சி போதும். இங்க மூண்டு பேர் சாட்சி செல்லிட்டாங்க. நாளைக்குத்தான் பெருநாள். ரெண்டு பேரும் சஹனுக்கு வந்திருங்க."

ஷிப்லி ஒன்றும் பேசாமல் போய்விட்டான். மாமிக்கு எதிரில் வாய் திறக்கிற பிள்ளை இல்லை அவன். றுகையா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் அந்த வளவில் நெய்ச்சோற்று வாசம். சஹன் வைத்தாள். அஹ்ஸன் புதுச் சேர்ட்டோடு வந்து உட்கார்ந்தான். ஷிப்லி வரவில்லை. அவனும் நுஸ்ஹாவும் நோன்பு. அஹ்ஸன் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டு எழும்பினான். எதிர்ப்பக்கம் குவித்தது குவித்தபடியே கிடந்தது. "நீங்க சாப்பிட்டாத்தானே மாமி பெருநாள்" என்று அவன் சொன்னதற்காக அவளும் குசினியில் நின்றபடி ஒரு வாய் சாப்பிட்டாள்.

மாலை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி ஷிப்லி குசினிக்கு வந்தான். நான் இஞ்சி கேட்டுப் போயிருந்தேன். உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது அவனுக்கு.

"மாமி, அந்தப் போனை ஒருக்காத் தாங்க." வாங்கித் திறந்தான். மேல் மூலையில் இருந்த சின்ன வட்டத்தை அவளுக்குக் காட்டினான். அதற்குள் அஹ்ஸனின் முகம். அண்ணன் முறையானவரை நாங்கள் காக்கா என்போம். "இது அஹ்ஸன் காக்காட கணக்கு மாமி. அவர் இதுல என்னத்தப் பாத்தாரோ, அதுதான் உங்களுக்கும் வரும்."

றுகையாவுக்கு விளங்கவில்லை. நான் ஷிப்லியின் போனையும் வாங்கி, இரண்டையும் இடியப்பத் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அதே கேள்வியைக் கேட்டேன். ஒன்றில் இன்றைக்குப் பெருநாள். மற்றதில் இன்றைக்கு நோன்பு. மௌலவிமார்கூட வேறு வேறு.

"பாத்தீங்களா? அவர்ட போன் அவரப் போலத்தான் கதைக்கும்" என்றான் ஷிப்லி.

"உங்கட போன் மட்டும் என்ன தம்பி?" என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "என்டது அப்பிடி இல்ல" என்றான்.

றுகையா இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ராவு நான் கேட்டது அஹ்ஸன்டயா?" என்றாள். "அவர் வாசல்லதானே நிண்டார். அவருட்டயே கேட்டிருக்கலாமே." பிறகு, "மூண்டு சாட்சியும் அவருதானா?" என்றாள். அஹ்ஸனையும் குறை சொல்ல முடியாது. தன் முகம் அந்தப் போனுக்குள் இருப்பது அவனுக்கே நினைவில்லை.

அவள் எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்தாள். நோன்பாளி போல மஃரிப் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் பெரிய பள்ளியில் பெருநாள். மறுகாவும் நெய்ச்சோறு, மறுகாவும் சஹன். ஷிப்லி வந்தான். அஹ்ஸன், பெருநாள் நேற்றே முடிந்துவிட்டது என்று கடையைத் திறக்கப் போய்விட்டான். நேற்று காலியாக இருந்த பக்கத்தில் இன்று ஆள். நேற்று ஆள் இருந்த பக்கம் இன்று காலி. ஷிப்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "மாமி, நான் உங்களுக்குப் புதுப் போன் ஒண்டு எடுத்துத் தாறன். எல்லாத்தையும் நானே சரி பண்ணித் தாறன்" என்றான். றுகையா, "வேணாம் மகன்" என்றாள்.

பெருநாள் முடிந்த அடுத்த கிழமை அவள் ஒரு நோன்பு பிடித்தாள். பெருநாளுக்குப் பிறகு வழமையாகப் பிடிக்கிற ஆறு நோன்பில் முதலாவது என்று இரண்டு வீட்டாரும் நினைத்துக்கொண்டார்கள். என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள். "களா புடிக்கிறன்கா. பெருநாளோ நோன்போ, அல்லாஹ்வுக்குத் தெரியும். பேணுதலுக்குப் புடிச்சி வெப்பம்." விடுபட்ட நோன்பைத் திருப்பிப் பிடிப்பதுதான் களா. அந்த வெயிலில் இடியப்பமும் அவித்துக்கொண்டு பிடித்தாள்.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில், அவள் குசினியில் உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் ஷிப்லி ஒரு கேள்வி போட்டிருந்தான். "எனக்குத் தெரிந்த ஒரு தாய், பிழையான தகவலை நம்பி முப்பதாம் நோன்பை விட்டுவிட்டார். அவர் களா செய்வது கடமையா?" கீழே அஹ்ஸன்: "அன்று பெருநாள். கடமையே இல்லை. அந்தத் தாயைக் குழப்ப வேண்டாம்." அதற்குக் கீழே ஷிப்லி. அதற்குக் கீழே அஹ்ஸன். பிறகு ஊர், வெளியூர், கத்தார், சவூதி என்று எல்லோரும் இறங்கியிருந்தார்கள். அந்தத் தாய்க்குப் புத்தி இல்லையா என்று ஒருவர். அந்தத் தாய்க்குச் சுவர்க்கம்தான் என்று இன்னொருவர். றுகையா ஆசைப்பட்டபடி இரண்டு மருமக்களும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள், அந்தக் கேள்விக்குக் கீழே.

வாசித்துக் காட்டினேன். மாவைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அந்தப் பொம்புள ஆருகா?"

"நீதான்."

உரலில் இன்னொரு கை மாவை நிரப்பினாள். பிறகு மறுபடி பிழிந்தாள். "அவ களா புடிச்சிட்டா எண்டு எழுதி விடு. பாவம், புள்ளைகள் வேலைக்குப் போகணும்."

என் கணக்கில் என் பெயர் இல்லை; ஒரு ரோசாப்பூவின் படம் மட்டும்தான். "அந்தத் தாய் களா பிடித்துவிட்டார்" என்று எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம், அதே பின் வீட்டு முன்னறையில், ஷிப்லியின் போன் சத்தமிட்டது. உடனே பதில் வந்தது: "உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் தரவும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எழும்பிக் குசினிக்கு வந்து கேளுங்க" என்று எழுதினேன். முன்னறையில் போன் சத்தமிட்டது. கொஞ்சத்தில் கிணற்றுக்கு அங்காலே முன் வீட்டிலும் ஒன்று சத்தமிட்டது.

றுகையா தட்டுகளை அடுக்கி மூடியைப் போட்டாள். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஆரும் வாறாங்களா?"

"இல்லகா" என்றேன்.